உன் நிலம் மாதிரி நினைத்துக்கொள்

பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரம் போகிற சாலையில், உள்ளே பிரியும் ஒரு மண் பாதையின் முடிவில் எனக்கு ஒன்றரை ஏக்கர் தென்னை இருக்கிறது. வரப்பைத் தாண்டினால் இன்னொரு நான்கு ஏக்கர். அது என்னுடையதல்ல. உரியவர் முப்பது வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். ரத்த சொந்தமில்லை, ஊர் முறையில் எனக்கு அண்ணன். 2011-இல் அவருடைய அப்பா காலமானதிலிருந்து அந்தத் தோப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். கருமாதி முடிந்து விமானம் ஏறுவதற்கு முன் அவர் என்னிடம் சொன்னது, எங்கள் பக்கத்தில் தோப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிற எல்லோரும் சொல்வதுதான்: "உன் நிலம் மாதிரி நினைத்துப் பார்த்துக்கொள் தம்பி." அன்றைக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் பார்த்த பிறகு, அதைவிடத் தவறான யோசனையை யாரும் யாருக்கும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். இதை ஊரில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். நான் ஏதோ நன்றி கெட்டவன் போல் பார்த்தார்கள். எனவே கொஞ்சம் விரிவாக எழுதிவிடுகிறேன்.

என் நிலத்தை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஒன்றரை ஏக்கருக்குக் கணக்கு நோட்டு கிடையாது. கையில் பணம் இருந்தால் உரம் வைப்பேன், இல்லாவிட்டால் அடுத்த பருவம். காயை எடுக்கிற வியாபாரி என் மைத்துனருக்கு வேண்டியவர். அவர் சொல்கிற விலைக்கு மேல் நான் வாய் திறப்பதில்லை. கிணற்றடியில் நான்கு மரங்களுக்குத் தஞ்சாவூர் வாடல் நோய். அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்திருக்கிறது. நோய் பக்கத்து வேருக்குப் பரவுமுன் வெட்டி, வேரோடு தோண்டி எரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அம்மா வைத்த மரங்கள். வெட்டவில்லை. சுற்றி வாய்க்கால் வெட்டித் தனிமைப்படுத்தியதோடு சரி. ஒரு வருடம் மஞ்சள் நன்றாகப் போகிறது என்று யாரோ சொல்ல, ஊடுபயிராக வைத்தேன். அதில் போனது போனதுதான். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. சொந்த நிலம் என்பதற்கு அதுதான் பொருள்: அதில் சோம்பல் காட்டலாம், சூதாடலாம், பாசம் காட்டலாம், நஷ்டப்படலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சொல்லுங்கள், வரப்புக்கு அந்தப் பக்கம் உள்ள நான்கு ஏக்கரையும் இப்படியே நான் பார்த்துக்கொண்டால் அண்ணனுக்குச் சம்மதமா? அவருடைய தோப்பில் வாடல் நோய் கண்ட மரத்தை அந்த வாரமே வெட்டிவிட்டேன். அவருடைய தாத்தா வைத்த மரமாம். எனக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் வெட்டியிருப்பேன். பக்கத்து மரங்களுக்கு ஒரு சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) மரத்துக்கு நாற்பது லிட்டர் வீதம் அடியில் ஊற்றி, ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு வைத்தோம். ஊரில் சிலர் கவனித்துவிட்டார்கள், அவன் தோப்பைவிட அடுத்தவன் தோப்பு பச்சையாக இருக்கிறது என்று. அதற்கு இரண்டு விளக்கங்கள் உலவின. ஒன்று, நான் ஏமாளி. மற்றொன்று, அங்கிருந்து எனக்கு ஏதோ ஒழுகுகிறது. மூன்றாவது காரணம் ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை: அது என் நிலம் இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவிருக்கிறது.

லாபக்காய்

வெளிநாட்டில் இருப்பவருக்கும் இங்கே பார்த்துக்கொள்பவருக்கும் முதல் உரசல் எப்போதும் எண்ணிக்கையில்தான் வரும். எங்களுக்கும் அப்படித்தான். ஏறக்குறைய ஐம்பது நாளுக்கு ஒரு வெட்டு. மரம் ஏற ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் கீழே நின்றே குலையை இழுக்கிறார்கள். விழுந்த காயைப் பொறுக்கி மேட்டில் குவித்ததும் எண்ணிக்கை. ஒருவர் எடுத்து எறிய ஒருவர் சத்தமாக எண்ண, நூறு முடிந்ததும் ஒரு காயைத் தனியே உருட்டி வைப்பார். கடைசியில் தனியே கிடக்கிற காய்களை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு வெட்டின்போது குவியலைப் படம் எடுத்து, எண்ணிக்கையையும் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். வாரம் கழித்து வியாபாரி கொடுத்த சீட்டையும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. குரலில் கோபமில்லை, அதைவிட மோசமான ஒரு நிதானம் இருந்தது. "மேட்டில் இருந்த காய்க்கும் சீட்டில் இருக்கும் காய்க்கும் நடுவில் கொஞ்சம் எங்கே போனது தம்பி?"

லாபக்காய் என்ற ஒன்று உண்டு என்பதைப் பல வருடம் வெளியில் இருந்தவர் மறந்திருந்தார். நூற்றுக்கு இத்தனை என்று வியாபாரி கூடுதலாக எடுத்துக்கொள்வார், அதற்கு விலை கிடையாது. பிறகு ஒல்லிக்காய், அழுகல், தேரைக்காய் என்று கழிவு. உடைத்துப் பார்க்காமலே கையால் தட்டிப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். வெட்டியவர்களுக்குக் கூலி போக ஆளுக்கு இரண்டு காய் தருவது ஊர் வழக்கம். பிள்ளையாருக்கு ஒன்று. இவ்வளவையும் போட்டால் அந்த வித்தியாசம் வந்துவிடுகிறது. விளக்கினேன், ஒத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து நோட்டில் லாபக்காய்க்கு ஒரு கட்டம், கழிவுக்கு ஒரு கட்டம், கொடைக்கு ஒரு கட்டம் போட்டேன். என் தோப்பில் இந்தக் கட்டங்கள் எதுவும் இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர் கேலி செய்தார்: "உன்னை நம்பித்தானே கொடுத்திருக்கிறார், பிறகு எதற்கு இந்த எழுத்து வேலை?" நம்பிக்கை இருப்பதால் கணக்கு வேண்டாம் என்று நினைக்கிறவர்கள்தான் பத்து வருடம் கழித்துக் காவல் நிலையத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பகுதியில் அப்படி உட்கார்ந்தவர்களை விரல்விட்டு எண்ண முடியாது.

மரத்திலிருந்து விழுவது யாருக்கு என்பதையும் எழுதி வைத்தேன். தோப்பில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அண்ணனின் அப்பா காலத்திலிருந்து காவலுக்கு இருப்பவர்கள். கீற்று, பன்னாடை, பாளை, அடிமட்டை எல்லாம் அவர்களுக்கு. கீற்றை வாய்க்காலில் ஊறப்போட்டு முடைந்து அந்த அக்கா விற்பார். கைச்செலவு அதில்தான் ஓடியது. காய் விழுந்தால் அது தோப்புக்காரருக்கு. ஆனால் வீட்டுச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். இது நான் கண்டுபிடித்ததல்ல, ஊரில் இருப்பதுதான். ஆனால் சொல்லாமல் இருப்பதற்கும் மூன்று பேர் கையெழுத்திட்ட தாளில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நான்கு வருடம் கழித்து அண்ணனின் மைத்துனர் ஒருவர் வந்து, வாசலில் கிடந்த தேங்காயைப் பார்த்துக் குரலை உயர்த்தியபோது அந்தத் தாள் பயன்பட்டது.

எனக்கான கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரும் என்னோடு மாறுபடுகிறார்கள். வெட்டுக்கு இத்தனை பங்கு என்று வாங்கிக்கொள் என்று அண்ணனே சொன்னார். மறுத்தேன். செலவு போக மீதியில் பங்கு என்றால் பொட்டாஷ் மூட்டையைக் குறைக்கத்தான் என் கை போகும். மொத்த விற்பனையில் பங்கு என்றால் அவர் பணத்தில் தேவைக்கு மேல் உரம் கொட்ட வைப்பேன், முற்றாத குலையையும் இழுக்கச் சொல்வேன். மாதம் ஒரு தொகை, விலை ஏறினாலும் இறங்கினாலும் அதேதான். 2023-இல் காய் விலை விழுந்து கிடந்தபோது அந்தச் சம்பளம் அவருக்கு உறுத்தியிருக்கும். 2025-இல் விலை எகிறியபோது எனக்கு உறுத்தியது. (விலை ஏறுகிற மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து அழைப்புகளும் ஏறும். இது ஒரு இயற்கை விதி.)

பட்டாவில் இருக்கும் பெயர்

இதெல்லாம் சின்ன விஷயங்கள். "உன் நிலம் மாதிரி" என்ற பேச்சின் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது 2018-இல்.

கஜா புயல் நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அதைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை, மற்றவர்களுக்கு எழுதியும் புரியவைக்க முடியாது. விடிந்து வெளியே வந்தபோது வானம் பெரிதாக இருந்தது. நாற்பது வருடமாகத் தென்னை மறைத்துக்கொண்டிருந்த வானம். வரப்பில் நடக்க முடியவில்லை, மரத்தின் மேல் மரமாகக் கிடந்தது. முதலில் அண்ணனுடைய நான்கு ஏக்கரைத்தான் எண்ணினேன். தியாகம் ஒன்றுமில்லை; அந்த எண்ணிக்கையைக் கேட்க ஒருவர் இருந்தார், என்னுடையதைக் கேட்க யாருமில்லை. ஏக்கருக்கு எழுபது மரம் என்று இருந்த தோப்பில் மூன்றில் இரண்டு பங்கு சாய்ந்திருந்தது. நின்றவற்றிலும் சில, தலை முறுக்கி, குருத்து ஒடிந்து, நின்றபடியே சாகப்போகிறவை. காவல் குடும்பத்தின் கூரை மேல் இரண்டு மரங்கள். நல்ல வேளை, அவர்கள் இரவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கவே சில நாள் ஆனது. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது.

அரசு நிவாரணம் அறிவித்தது. தென்னை மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். கணக்கெடுக்க ஆட்கள் வந்தபோது பட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தகம் கேட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, பட்டா இன்னும் இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருந்தது. வாரிசு சிங்கப்பூரில். ஊரில் அனுபவமுள்ள ஒருவர் எனக்கு ஒரு வழி சொன்னார். ஏழு வருடமாக நான்தானே சாகுபடி பார்க்கிறேன். அடங்கல் என்ற கிராமச் சாகுபடிப் பதிவேட்டில் சாகுபடியாளர் என்று என் பெயரை ஏற்றிவிட்டால் பணம் என் கணக்குக்கு வந்துவிடும், பிறகு அப்படியே அண்ணனுக்கு அனுப்பிவிடலாம். பட்டா மாற்றி, வாரிசுச் சான்று வாங்கி என்று அலைந்தால் எப்போது வருமோ. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

பட்டுக்கோட்டை வரை போய், சிக்னல் கிடைத்த ஓரிடத்தில் நின்று அண்ணனை அழைத்தேன். எண்ணிக்கையைச் சொன்னேன், மறுமுனையில் அழுதார். பிறகு இந்த வழியைச் சொன்னேன். அழுகை நின்றது. லைன் துண்டித்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு, தெளிவான வேறொரு குரலில், "அது வேண்டாம் தம்பி. பணம் வராவிட்டாலும் பரவாயில்லை" என்றார்.

இரண்டு லட்சத்துக்கு மேல் வரக்கூடிய பணம். அது போனாலும் சரி, ஒரு பருவத்துக்கு அரசுப் பதிவேட்டின் ஒரு கட்டத்தில் என் பெயர் வந்துவிடக் கூடாது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ரத்தம் கொதித்தது. உன் நிலம் மாதிரி நினைத்துக்கொள் என்றவர். ஏழு வருடம் லாபக்காய்க்குக் கட்டம் போட்டு எழுதியவன் நான். சாய்ந்த மரத்துக்கு நடுவே என் தோப்பை விட்டுவிட்டு அவர் தோப்பை எண்ணியவன் நான். ஒரத்தநாடு, பேராவூரணி என்று எங்கு திரும்பினாலும் சாய்ந்த தோப்புகளாகக் கிடந்த அந்த நாட்களில், கோபத்தை வைத்துக்கொள்ளவும் நேரமில்லை; ஆனாலும் வைத்திருந்தேன்.

அது ஆற வெகுநாள் ஆனது. ஆறிய பிறகு, அந்த மௌனத்தில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். இது தஞ்சாவூர் ஜில்லா. நிலத்துக்காரர் சென்னையிலோ கும்பகோணத்திலோ உட்கார்ந்திருக்க, காரியஸ்தர் பண்ணையை நடத்துவது இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்தது. காரியஸ்தர் இருபக்கமும் ஏய்த்த கதைகளும் நிலத்துக்காரர் உழைத்தவனை விரட்டிய கதைகளும் சம அளவில் உண்டு. அப்படி விரட்டியதால்தான் 1952-இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூருக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-இல் மாநிலம் முழுவதற்குமான குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். உழுகிறவனை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்று ஆக்கிய சட்டங்கள் அவை, எங்கள் பாட்டன்மாருக்குச் சோறு போட்ட சட்டங்கள். அதே சட்டங்கள் நிலம் வைத்திருப்பவர் மனத்தில் ஒரு பயத்தையும் விதைத்தன: பெயர் ஏறிவிட்டால் இறங்காது. ஒரு தென்னந்தோப்புக்கு, என்னைப் போல் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறவனுக்கு, அந்தச் சட்டம் எவ்வளவு பொருந்தும் என்பது வக்கீல்கள் பேச வேண்டியது. பயத்துக்குச் சட்டப் பிரிவு தேவையில்லை. அந்தப் பயத்தால்தான் எங்கள் ஊரில் தோப்பை ஒப்படைக்கிறவர்கள் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுத்தில் கொடுக்க வேண்டியதை அன்பாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அண்ணன் பயந்தது நியாயம் என்றே இப்போது சொல்வேன். நான் நேர்மையானவன் என்பது அவருக்குத் தெரியும். என் பிள்ளைகள் எப்படி என்பது தெரியாது. எனக்கே தெரியாது. அடுத்த தை மாதம் அவர் வந்தபோது நேராகவே கேட்டேன். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நான் சம்பளத்துக்குப் பார்க்கிறவன், குத்தகையோ விளைச்சலில் பங்கு வாங்கும் வாரமோ இல்லை என்று ஒரு தாளில் எழுதுவோம், இருவரும் கையெழுத்திடுவோம். எத்தனை நாள் முன்னறிவிப்பில் நான் விலகலாம், நீங்கள் விலக்கலாம் என்பதையும் போடுவோம். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருடமாக இருவருமே கேட்கக் கூச்சப்பட்ட விஷயம். நிவாரணப் பணம் தாமதமாக வந்தது, அவர் கணக்குக்கே வந்தது. கீற்று வருமானம் போய், வீடும் போய் நின்ற காவல் குடும்பத்துக்கு அதில் ஒரு பங்கு கேட்டேன். நான் கேட்டதில் பாதி கொடுத்தார். மீதிப் பாதியை இன்னும் அவ்வப்போது நினைவூட்டுகிறேன்.

எந்தக் கன்று

விழுந்த மரத்தை உடனே அப்புறப்படுத்தியாக வேண்டும். மட்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது குருத்தைக் குடைந்த ஓட்டையைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வரும். நிற்கிற மூன்றில் ஒரு பங்கும் போய்விடும். அந்தச் செலவுக்கு அண்ணன் தயங்காமல் பணம் அனுப்பினார். சிக்கல், குழி எடுத்து மறுபடி என்ன வைப்பது என்பதில் வந்தது. நெட்டை என்றால் பாளை விட ஆறு ஏழு வருடம், ஆனால் அறுபது வருடத்துக்கு மேல் நிற்கும். குட்டை மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். இளநீருக்குப் போகும், கொப்பரைக்கு உதவாது, ஆயுளும் குறைவு. இரண்டையும் கலந்த ஒட்டு நடுவில் நிற்கும், ஆனால் தண்ணீரும் உரமும் குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டும் வந்தேன். எது நல்லது என்று சொன்னார்கள். யாருக்கு நல்லது என்பதை அவர்கள் சொல்ல முடியாதே.

அண்ணனுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. "குட்டையே வை, நான் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும்" என்றார். வியாபாரியும் குட்டைதான் என்றார். சாலையோரத்தில் இளநீருக்கு நல்ல ஓட்டம். தோப்பில் குடியிருக்கும் அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "குட்டை மட்டையில் என்ன கீற்று வரும் தம்பி? பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரி இருக்கும்" என்றார். நான்கு ஏக்கரில் தினமும் நடக்கிற ஒரே ஆள் அவர். அந்த நான்கு ஏக்கரின் முடிவில் அவருக்கு எந்தச் சொல்லும் இல்லை. அண்ணன் என்னிடம் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார்: "உன் நிலமாக இருந்தால் என்ன வைப்பாய்?"

இந்தக் கேள்விதான் பொறி. என் நிலத்தில் நான் நெட்டைதான் வைத்தேன், ஏனென்றால் என் மகன் ஊரிலேயே இருப்பான் என்று ஒரு நம்பிக்கை, அதோடு குட்டையைப் பார்த்தால் எனக்குத் தென்னையாகவே தோன்றுவதில்லை. இவை இரண்டும் அண்ணன் தோப்புக்குக் காரணங்களே அல்ல. அவர் பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்கள். இந்தியாவில் புதிதாக விவசாய நிலம் வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம், இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்கலாம். அப்படியானால் இந்த நிலம் இருபது வருடத்தில் கை மாறும் நிலம். கை மாறும்போது விலை நிற்பது எதில்? எனவே ஒரு தாளில் மூன்று வகைக்கும் செலவு, காய்ப்பு தொடங்கும் வருடம், பத்தாவது வருடத்தில் தோப்பு எப்படி இருக்கும் என்று எழுதி அனுப்பினேன். கீற்றுப் பிரச்சினையையும் நான்காவது வரியாக எழுதினேன். என் விருப்பத்தை எழுதவில்லை. பாதையோரம் ஒரு ஏக்கர் குட்டை, மீதியில் நெட்டை என்று அவர் முடிவு செய்தார். நான் தனியாக இருந்தால் எடுத்திருக்காத முடிவு. இப்போது பார்க்கையில் மோசமில்லை. குட்டை 2023-இலேயே இளநீர் கொடுக்க ஆரம்பித்து, தேங்காய் விலை படுத்திருந்த காலத்தில் தோப்பின் செலவைச் சுமந்தது.

சொல்வதைக் கேட்பதுதான் அடுத்தவர் நிலத்தைப் பார்ப்பது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சியில் தென்பட்டு, பிறகு எங்கள் பக்கமும் வந்தது. ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள், அதன் கீழ் ஓலையில் கரும்பூசணம் படிந்து தோப்பே கரி பூசியது போலாகிவிட்டது. நான் அனுப்பிய படத்தைப் பார்த்து அண்ணன் பதறிப்போய், யாரோ ஒருவர் பூச்சிமருந்து அடிக்கிற காணொளியை அனுப்பினார், இதை உடனே அடி என்று. மாட்டேன் என்றேன். மருந்து அடித்தால் அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற என்கார்சியா என்ற சிறு குளவிதான் முதலில் சாகும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைக் கட்டினோம், ஓலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினோம், காத்திருந்தோம். "ஒன்றுமே செய்யாமல் இருக்கிறாயே" என்று மூன்று வாரம் குறை சொன்னார். கோபத்தோடு இருந்தார், ஆனால் அவர் கோபத்துக்குப் பயந்து மருந்து அடித்துவிட்டு நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று காட்டிக்கொள்வது அவர் காசில் நான் நிம்மதி வாங்குவது. என் தோப்பாக இருந்திருந்தால், சொல்லப்போனால், பதற்றத்தில் அடித்திருந்தாலும் அடித்திருப்பேன்.

படத்தில் தெரிவது ஒன்று, தோப்புக்கு வேண்டியது ஒன்று என்பதுதான் தூரத்து உரிமையாளர்களின் தீராத நோய். ஈரம் காக்க மண்மேல் மூடாக்காகப் போட்ட மட்டையைப் பார்த்துக் குப்பை என்கிறார்கள்; கூட்டிப் பெருக்கி எரித்துவிட்டால் தோப்பு சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்கிறார்கள். தென்னை டானிக் என்ற சத்துக் கரைசலை வேரில் கட்டுகிற வேலையை எந்தப் படத்தில் காட்டுவது? மரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் தடிமனில் ஒரு இளம் வேரைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, இருநூறு மில்லி கரைசல் உள்ள பாலிதீன் பையின் அடிவரை வேரை விட்டு நூலால் கட்டி மண்ணை மூட வேண்டும். உயிருள்ள வேரா, மட்கியதா என்பது சீவும்போது உள்ளே இருக்கும் வெள்ளையில் தெரியும். மறுநாள் தோண்டிப் பார்த்தால் பை காலியாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு அனுப்புவதற்காக அல்ல, வேலை செய்தவர் வேரைச் சரியாகத் தேர்ந்தாரா என்று பார்க்க நானே பத்து மரத்துக்கு ஒன்று தோண்டிப் பார்ப்பேன். என் தோப்பில் தோண்டிப் பார்த்ததில்லை.

இந்த வருடம் சிங்கப்பூரிலிருந்து அழைத்தது அண்ணனின் மகள். அப்பாவுக்கு முடியவில்லை, தோப்பை விற்றுவிடலாம் என்று யோசிக்கிறோம் என்றாள். "சித்தப்பா, உங்கள் நிலம் மாதிரி பார்த்துக்கொண்டீர்கள். நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். விலையையும் நீங்களே சொல்லுங்கள்." ஆசை இல்லை என்று சொன்னால் பொய். வரப்பை எடுத்துவிட்டால் ஐந்தரை ஏக்கர் ஒரே துண்டு. பணமும் புரட்டிவிடலாம். ஆனால் விலையை நான் சொல்லக் கூடாது என்றேன். எனக்கு உறவில்லாத, இந்த ஊராட்சியைச் சேராத இரண்டு பேரிடம் விலை கேட்கச் சொன்னேன். பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் பத்திர எழுத்தர்களை விசாரித்தால் அண்மையில் பதிவான விலைகள் கிடைக்கும். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கட்டும், வாங்கினால் அந்த விலைக்கு. யார் வாங்கினாலும் காவல் குடும்பத்தின் வீடு இருக்கிற சில சென்ட்டைப் பிரித்து அவர்கள் பெயருக்கு முதலில் எழுதிவிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அவள் இன்னும் அதற்குச் சரி சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

இதற்கிடையில் ஆனி பிறக்கப் போகிறது, முதல் பருவ உரம் வைக்க வேண்டும். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டம் எடுத்து, வருடத்துக்கு மரம் ஒன்றுக்கு 1.3 கிலோ யூரியா, இரண்டு கிலோ சூப்பர் பாஸ்பேட், இரண்டு கிலோ பொட்டாஷ் என்ற கணக்கில் பாதியை இப்போதும் மீதியை மார்கழியிலும் வைப்பது. தொழுஉரம் தனி. பட்டியலை அனுப்பினேன். "விற்கப்போகிற தோப்புக்கு எதற்கு சித்தப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, வாங்கப்போகிறவன் நானாக இருந்தால் அவள் காசில் என் மரத்துக்கு உரம் வைத்தது போலாகிவிடும். அதனால் உரச் செலவைத் தனிச் சீட்டில் எழுதுகிறேன், நான் வாங்கினால் அதை விலையோடு சேர்த்துத் தந்துவிடுவேன் என்று பதில் போட்டேன். பணம் வந்துவிட்டது. மூட்டைகள் வியாழக்கிழமை வருகின்றன, வட்டம் எடுக்க நாலு ஆள் சொல்லியாகிவிட்டது.